பங்க் வேலைக்கு ஆன்லைனில் எஃப்.எல்.பி. (ஃபிளேம்புரூஃப், தீயை வெளியே விடாத) பெட்டி வாங்குகிறவர்கள் கவனம்: என் 64,800 ரூபாய் போய்விட்டது

பெட்ரோல் பங்கில் எலெக்ட்ரிக்கல் வேலை எடுக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். இன்று காலைதான் பொருள் வாங்கிய ஆன்லைன் தளத்திலிருந்து "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று மெசேஜ் வந்தது. வயிறு எரிகிறது.

திண்டுக்கல் பக்கம் ஒரு பங்கில் டிஸ்பென்சர்களுக்கு (பெட்ரோல் போடும் மெஷின்) அடியில் இருக்கும் பழைய ஜங்ஷன் பாக்ஸ்களை (ஒயர்களை இணைக்கும் பெட்டி) மாற்றும் வேலை. மெட்டீரியலும் என் பொறுப்பு. வழக்கமாக மதுரையில் வாங்கும் கடையில் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பங்க் ஓனர் அவசரப்படுத்தினார். மொத்த விலைக்குச் சரக்கு விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் தேடினேன். 6 பெட்டி, பெட்டிக்குள் கேபிள் நுழையும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் 24 டபுள் கம்ப்ரஷன் கிளாண்ட், 2 எமர்ஜென்சி புஷ்பட்டன், எல்லாம் ஃபிளேம்புரூஃப் என்று போட்டிருந்தது. மொத்தம் 64,800.

கண்ணை மூடிக்கொண்டு பணம் அனுப்பவில்லை. பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைப் பார்க்கும் மத்திய அரசு அமைப்பு) சர்டிபிகேட் கேட்டேன், பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் வந்தது. விற்றவன் வீடியோ காலில் பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அப்புறம் சொன்னான்: "அண்ணே, நானும் பங்க்ல வேலை பார்த்தவன்தான். இதுல ஏமாத்துனா உயிர் போயிடும்ணே, அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?" அந்த வார்த்தையில்தான் விழுந்தேன். உயிர் போகும் என்று தெரிந்தவன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். தெரிந்தேதான் விற்றிருக்கிறான்.

நாலு பெட்டி மாட்டியாகிவிட்டது. சப்ளை கொடுப்பதற்கு முன்னால் பெட்ரோல் கம்பெனி இன்ஜினியர் பார்க்க வந்தார். ஒரு மூடியைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ரப்பர் கேஸ்கெட். வார்ப்பில் வந்த சொரசொரப்பு அப்படியே இருந்தது, மெஷினிங்கே செய்யவில்லை. "இது தண்ணி போகாத பெட்டி, ஃபிளேம்புரூஃப் இல்ல" என்றார்.

வித்தியாசம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு பரவிப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஆபத்து அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவான இடம் வரை, டேங்கின் உட்புறம் ஜோன் 0, டிஸ்பென்சரின் உட்புறமும் மேன்ஹோல் குழியும் ஜோன் 1, அதைச் சுற்றித் தரைமட்டத்தில் சில மீட்டர் வரை ஜோன் 2 என்று பிரித்து வைத்திருப்பதே இதனால்தான். ஆவி பெட்டிக்குள்ளும் புகும். உள்ளே பொறி பட்டு வெடித்தாலும் பெட்டி தாங்க வேண்டும். வெளியே வரும் தீ, இழைத்த இரண்டு உலோக முகங்களுக்கு நடுவில் வரும்போதே சூடு தணிந்து அணைந்துவிட வேண்டும். அந்த முகம்தான் பெட்டியின் உயிர். அந்த இடத்தில் ரப்பரை வைத்து அனுப்பியிருக்கிறான்! கிளாண்ட் மரையும் குறைந்தது ஐந்து சுற்று உள்ளே போய்ப் பிடிக்க வேண்டும். வந்ததில் மூன்றோடு நின்றுவிட்டது. சர்டிபிகேட் நம்பரை இன்ஜினியர் சரிபார்த்தார். அது வேறொரு கம்பெனியின் லைட் ஃபிட்டிங்குக்குக் கொடுத்தது.

பெட்ரோல் போட வரிசையில் நிற்கும் பைக்குகளையும், டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளையும் நினைத்துப் பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

விற்றவனுக்கு போன் போட்டேன். முதல் நாள் "மாத்தித் தர்றேன்ணே." இரண்டாம் நாள் "கம்பெனியில கேட்டுச் சொல்றேன்." மூன்றாம் நாள் "நீங்க மாட்டும்போது மரையைக் கெடுத்திருப்பீங்க." நாலாம் நாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். தளத்தின் கஸ்டமர் கேரில் ஆறு முறை பேசினேன். ஒவ்வொரு முறையும் புது ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ரிட்டர்ன் ஏழு நாளுக்குள்தானாம், எனக்குப் பன்னிரண்டு நாளாகிவிட்டதாம். மாட்டிய பொருளை எடுக்க மாட்டார்களாம். இது போலி, ஆள் உயிர் சம்பந்தப்பட்டது என்று கத்தினேன். "உங்கள் சிரமம் புரிகிறது சார்" என்றார் அந்தப் பெண். 64,800 ரூபாய் எனக்கு இரண்டு மாத வருமானம். அந்த விற்பனையாளர் பக்கம் இன்றும் நாலரை ஸ்டாருடன் இருக்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். பணம் அனுப்பும் முன் சர்டிபிகேட் நம்பரை, அதில் பெயர் உள்ள தயாரிப்பாளரிடமே நேராகக் கேளுங்கள். பெட்டி வந்த அன்றே மூடியைக் கழற்றிப் பாருங்கள், முகத்தில் ரப்பர் இருந்தால் மாட்டாதீர்கள். பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். பில்லில் "எஃப்.எல்.பி." என்று எழுதி வாங்குங்கள். என் பில்லில் வெறும் "ஜங்ஷன் பாக்ஸ்" என்றுதான் இருக்கிறது, அதைக் கவனிக்காமல் விட்டேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாட்டிய நாலையும் கழற்றியாகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் சரியான பெட்டி மாட்டித் தருகிறேன் என்று ஓனரிடம் சொல்லியிருக்கிறேன், அதற்குப் பணம் புரட்ட வேண்டும். இதே மாதிரி பெட்டியை ஏற்கெனவே எங்காவது மாட்டியிருந்தால், இன்றைக்கே மெயினை ஆஃப் செய்துவிட்டு ஒரு மூடியைக் கழற்றிப் பாருங்கள்.