மார்பில் கட்டி: மெல்லிய ஊசியா, ட்ரூகட்டா, நேரே ஆபரேஷனா?

அக்காவுக்கு 46 வயதில் இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. முதலில் பார்த்த மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "எடுத்துடலாம்மா, எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பிக்கலாம்" என்றார். வீட்டில் எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது. கட்டி என்றால் எடுத்துவிடுவதுதானே வழக்கம்! இரண்டாவதாகப் போன இடத்தில் கத்தியைப் பற்றிய பேச்சே இல்லை. முதலில் ஸ்கேன், அப்புறம் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி என்றார்கள். இந்த இரண்டு பாதைகளுக்கும் உள்ள தூரம் அடுத்த சில வாரங்களில்தான் எங்களுக்குப் புரிந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சந்தேகத்துக்கு இடமான கட்டி என்றால், என் ஓட்டு அல்ட்ராசவுண்ட் பார்த்துச் செய்யும் ட்ரூகட் பயாப்சிக்குத்தான், அதாவது தடித்த ஊசியால் கட்டியின் சின்னத் துண்டை எடுத்துச் சோதிப்பதற்கு.

ஊசிக்கு முன்னால் படம். மாமோகிராம் எக்ஸ்ரே வகை, அல்ட்ராசவுண்ட் ஒலி அலை, அதில் கதிர்வீச்சு கிடையாது. இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மாமோகிராமில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகவே தெரியும். அதனால் 30 வயதுக்குக் கீழே இருந்தால் பொதுவாக அல்ட்ராசவுண்டில் தொடங்குவார்கள். 40 தாண்டியவர்களுக்கு மாமோகிராம் முதலில், அல்ட்ராசவுண்ட் துணைக்கு. கட்டிக்குள் இருப்பது நீரா சதையா என்பதை அல்ட்ராசவுண்ட் உடனே காட்டிவிடும். ஆனால் பொடிப்பொடியான கால்சியம் புள்ளிகளை அது தவறவிடலாம், அங்கே மாமோகிராம்தான் கெட்டி. செலவை நினைத்து "ரெண்டுல ஒண்ணு போதாதா" என்று கேட்கத் தோன்றும். 40க்கு மேல் கையில் கட்டி தட்டுப்பட்டால் இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

மார்பு ஸ்கேனுக்கு வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டத் தண்ணீரும் வேண்டாம். அதெல்லாம் வயிற்று ஸ்கேனுக்கு. மேலாடையைத் தனியாகக் கழற்ற வசதியான உடையும், பழைய படங்கள் இருந்தால் அவையும் போதும்.

ரிப்போர்ட்டில் "இடது, 2 மணி, 3 செ.மீ." என்று இருந்ததைப் பார்த்து அக்கா பயந்துபோனார். அது கட்டியின் அளவு இல்லை. மார்பை ஒரு கடிகார முகமாக வைத்துக்கொண்டு, 2 மணி இருக்கும் திசையில், காம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி என்று சொல்லும் விலாசம். நாம் பார்க்க வேண்டியது பைராட்ஸ் எண், படத்தைப் பார்த்துப் புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று போடும் எண். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, பெரும்பாலும் ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. நடுவில் இருக்கும் 4 மட்டும் 2 முதல் 95 வரை விரிந்து கிடக்கிறது. வெறும் 4 என்று எழுதியிருந்தால் ஏ, பி, சி எது என்று கேளுங்கள். ஏ பிரிவில் 2 முதல் 10 சதவீதம்தான். அக்காவுக்கு 4சி, அதாவது 50க்கு மேல்.

இனி ஊசிகள். எஃப்.என்.ஏ.சி. என்பது மெல்லிய ஊசி, ரத்தம் எடுக்கும் ஊசி அளவுதான் இருக்கும். மரத்துப்போக மருந்துகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. செலவு குறைவு, முடிவும் சீக்கிரம் வரும். நீர்க்கட்டியை உறிஞ்சி எடுக்க, அக்குளில் இருக்கும் நெறிக்கட்டியைச் சோதிக்க நல்ல வழி. ஆனால் அதில் வருவது உதிரி செல்கள். ஒரு சுவரிலிருந்து உதிர்ந்த நாலு செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் எப்படி நின்றது என்று சொல்ல முடியுமா? புற்று பால்குழாய்க்குள்ளேயே இருக்கிறதா, குழாயைத் தாண்டி வெளியே வந்துவிட்டதா என்பதை உதிரி செல்களை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. சிகிச்சையே அதைப் பொறுத்துத்தான் மாறுகிறது.

ட்ரூகட் அல்லது கோர் பயாப்சியில் சுவரின் ஒரு துண்டே கிடைக்கிறது. மார்புக்கு வழக்கமாக 14 கேஜ் (ஊசியின் பருமனைச் சொல்லும் எண்) ஊசி. அக்காவுக்குச் செய்தபோது என்னையும் உள்ளே நிற்க விட்டார்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வைத்து, தோளுக்கு அடியில் தலையணை வைத்தார்கள். மரத்துப்போகும் ஊசி போட்ட சில நொடிகள்தான் எரிந்தது என்றார் அக்கா. திரையில் ஊசி ஒரு வெள்ளைக் கோடாக, நெஞ்சுச் சுவருக்கு இணையாகப் படுத்தபடி, கட்டியின் விளிம்பு வரை போய் நின்றது. "சத்தம் வரும், அசையாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு அழுத்தினார் டாக்டரம்மா. ஸ்டேப்ளர் அடிப்பது போல டக்கென்று ஒரு சத்தம். சேமியா அளவில் ஒரு வெள்ளைத் துண்டு ஃபார்மலின் புட்டியில் விழுந்தது. நாலு முறை எடுத்தார்கள். பத்து நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு ஒட்டு போட்டு அனுப்பினார்கள். இரண்டு நாள் நீலம் பாரித்திருந்தது, வலிக்குப் பாராசிட்டமால் போதுமானதாக இருந்தது.

எந்த மருந்து பலிக்கும் என்று காட்டும் இ.ஆர்., பி.ஆர். (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) பரிசோதனைகளை அந்தத் துண்டில்தான் நம்பிச் செய்ய முடியும். முடிவு வரச் சில நாள் கூடுதலாக ஆகும், செலவும் கூடுதல். அந்தச் சில நாளில் எதுவும் கெட்டுப்போகாது. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கையால் தடவிப் பார்த்து ஊசி போடுவதும் நடக்கிறது. பெரிய கட்டியில் அது பலிக்கலாம். சின்னதாகவோ ஆழத்திலோ இருந்தால் ஊசி பக்கத்துத் திசுவைத் தொட்டுவிட்டு "ஒன்றுமில்லை" என்று பதில் வந்துவிடும். திரையில் பார்த்துச் செய்தால் ஊசி கட்டிக்குள் போன படமே சாட்சியாக இருக்கும். வேக்குவம் பயாப்சி இன்னும் பருத்த ஊசி, கால்சியம் புள்ளிகளுக்கு மாமோகிராம் துணையோடு செய்வது. எல்லாருக்கும் தேவைப்படாது.

"ஊசி குத்தினா பரவிடும்" என்று எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ஊசி போன தடத்தில் செல்கள் ஒட்டி வளர்வது மிக மிக அரிது. அதற்குப் பிறகு வரும் அறுவையும் கதிர்வீச்சும் அந்த இடத்தையும் சேர்த்தே கவனித்துவிடுகின்றன. இந்தப் பயத்தால் ஊசியைத் தவிர்த்து, பல மாதம் தள்ளிப்போட்டு வருகிறவர்கள்தான் உண்மையில் இழக்கிறார்கள்.

நேரே ஆபரேஷன் என்பதில் எனக்கு வருத்தம் இங்கேதான். பெரும்பாலான மார்புக் கட்டிகள் புற்றுநோய் அல்ல. புற்று இல்லாதவர்களுக்கு அது தேவையில்லாத தழும்பு. புற்றாக இருந்துவிட்டாலோ, சுற்றியுள்ள நல்ல திசுவைக் கொஞ்சம் சேர்த்து எடுக்காததால் அதே இடத்தில் இரண்டாவது ஆபரேஷன். கீமோ முதலில் கொடுத்துக் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். எங்கள் அத்தை ஒருவருக்கு வருடங்களுக்கு முன் இப்படி எடுத்தார்கள், எடுத்ததைச் சோதனைக்கே அனுப்பவில்லை. அதே இடத்தில் மறுபடி வந்தபோது முதல் கட்டி என்னவாக இருந்தது என்று சொல்ல யாரிடமும் ஒரு காகிதம்கூட இல்லை. முழுதாக எடுத்துச் சோதிக்க வேண்டிய கட்டிகளும் உண்டு: வேகமாக வளர்வது, ஊசி முடிவு தெளிவில்லாதது, பைலோட்ஸ் என்ற அரிய வகைக் கட்டியோ என்ற சந்தேகம். அதுகூட ஊசிக்கு அடுத்த படியாகவே வர வேண்டும்.

முடிவு வந்ததும் ஒன்றைக் கேளுங்கள்: "ஸ்கேன் சொன்னதும் ஊசி சொன்னதும் ஒத்துப்போகுதா?" பைராட்ஸ் 5 என்று படம் சொல்லி, பயாப்சி நல்லது என்று சொன்னால் அதோடு வீட்டுக்கு வந்துவிடக் கூடாது, மறுபடி எடுக்க வேண்டும்.

அக்காவுக்கு ஒத்துப்போனது. புற்றுநோய், ஹெர்-2 பாசிட்டிவ். கீமோவில் கட்டி மறைந்துவிட்டால் இடம் தெரிய வேண்டுமே என்று, மறுபடி அல்ட்ராசவுண்ட் பார்த்து எள் அளவு உலோகக் கிளிப் ஒன்றை உள்ளே வைத்த பிறகுதான் முதல் மருந்து ஏறியது. அதற்கு முன் இன்னொரு மருத்துவமனையிலும் கேட்டுவிடலாம் என்று போனோம். அங்கே மறுபடி ஊசி போடவில்லை. லேபில் எழுதிக் கொடுத்து வாங்கி வந்த ஸ்லைடுகளும், பயாப்சித் துண்டைப் பதித்து வைத்திருந்த, தீப்பெட்டி அளவுகூட இல்லாத மெழுகு ப்ளாக்கும் போதுமானதாக இருந்தன.