ஆன்லைன் விளையாட்டுக்கு வைஃபையா, லேன் கேபிளா?

நொடிக்கு 300 மெகாபிட் இணைப்பு இருந்தும் விளையாட்டு திணறினால் வேகத்தைக் குறை சொல்ல வேண்டாம். தேவை, தாமதம் ஏறி இறங்காத இணைப்பு. வைஃபையில் வீட்டுக் கருவிகள் எல்லாம் ஒரே சேனலுக்கு, அதாவது ஒரே அலைப் பாதைக்கு, முறை வைத்துக் காத்திருக்கின்றன. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் பொதுவாக 3 மட்டுமே: 1, 6, 11. பக்கத்து வீட்டு ரவுட்டரும் மைக்ரோவேவ் அடுப்பும் இரைவது அங்கேதான். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதைவிட மேல்; ஆனால் சுவர்களைத் தாண்டினால் சோர்ந்துவிடும்.

கேட் 5இ வகை லேன் கேபிளோ 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட்டை அலுங்காமல் கொண்டுபோகும். கூடத்தில் வயர் ஓடுவதை வீட்டார் ரசிப்பதில்லை, அது வேறு வழக்கு. என் ஓட்டு கேபிளுக்கே.

வாங்கும் முன் வைஃபையிலிருந்து ரவுட்டருக்குப் பிங் (ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை) அனுப்பிப் பாருங்கள். எண் தாறுமாறாகக் குதித்தால் கேபிள் உதவும். அது சீராக இருந்தும் விளையாட்டு இழுத்தால், கோளாறு பெரும்பாலும் வெளி இணைப்பில்; கேபிளால் பயனில்லை.