பழைய கார் ரேடியோ கோளாறு: டெஸ்ட் லேம்பா, மல்டிமீட்டரா?

ரேடியோவுக்கு உயிரே இல்லையென்றால் முதலில் இரண்டு ஃபியூஸ்களையும் பாருங்கள்: ஒன்று காரின் ஃபியூஸ் பாக்ஸில், இன்னொன்று ரேடியோவின் பின்பக்கம். அவை சரியாக இருந்தால்தான் சோதனைக் கருவிக்கே வேலை.

வெளியில் வாங்கிப் பொருத்திய செட்டுகளில் பெரும்பாலும் மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். பழைய காரில் யாராவது கைவைத்திருப்பார்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்த வயர்களில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்கும்போதுதான், வோல்ட்டும் கரண்ட்டும் அளக்கும் மல்டிமீட்டர் ஏமாற்றும். அது இழுக்கும் கரண்ட் மிகச் சொற்பம். துருவேறி ஒரே இழையில் தொங்கும் வயரிலும் 12 வோல்ட் காட்டிவிடும்; ரேடியோவை ஆன் செய்ததும் அந்த வோல்ட் சரிந்துவிடும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப் (வயரில் தொட்டால் எரிந்து காட்டும் சோதனை விளக்கு) கரண்ட் இழுப்பதால் அதே வயரில் மங்கலாக எரிந்து குட்டை உடைத்துவிடும். எல்ஈடி வகைக்கு இந்தக் குணம் இல்லை. ஏர்பேக், கம்ப்யூட்டர் வயர்களில் மட்டும் பல்பு லேம்ப் கூடவே கூடாது.

எர்த் கோளாறுக்கு மீட்டர்தான். ரேடியோ பாடும்போது கறுப்பு வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளந்து பாருங்கள், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி இறுக்குங்கள்.

இரவில் பேட்டரி இறங்குகிறதா? சிறிய கசிவைக் கண்டுபிடிக்க லேம்ப் உதவாது. காரை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் நிலையில் தொடராக இணையுங்கள்; 50 மில்லிஆம்பியருக்கு மேல் இருந்தால் ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கி, அது குறைகிறதா என்று பாருங்கள்.