கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்: 1981-ஆ, 2010-ஆ?

கிரேக்கப் புராணக் கதைகளைப் படித்து முடித்த அக்கா பையன், "இதெல்லாம் படமா வரலையா மாமா?" என்று கேட்டான். கிரேக்க வீரன் பெர்சியஸின் கதைக்கு ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருக்கின்றன. டெஸ்மண்ட் டேவிஸ் இயக்கி 1981-இல் வந்தது ஒன்று. அதையே லூயி லெடெரியே 2010-இல் புதிதாக எடுத்தது இன்னொன்று. இரண்டையும் பார்த்தவன் என்பதால் யோசித்து, பழையதைத்தான் போட்டேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். வேகம் வேண்டுமென்றால் 2010. கணினி வரைகலை, பாலைவனத்தில் ராட்சதத் தேள்களோடு சண்டை, கடவுள்களின் அரசர் ஜீயஸாக லியம் நீசன், பாதாளக் கடவுள் ஹேடீஸாக ரேஃப் ஃபைன்ஸ் என்று எதற்கும் பஞ்சமில்லை. தேள் சண்டை உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது. படப்பிடிப்பு முடிந்த பிறகு அவசரமாக 3டிக்கு மாற்றினார்கள் என்று அப்போது நிறையத் திட்டு விழுந்தது. நான் பார்த்தது சாதாரணத் திரை வடிவம், அதனால் அந்தப் பஞ்சாயத்தில் நான் தலையிடவில்லை.

பழைய படத்தின் குறைகளும் சின்னவை அல்ல. முதல் அரைமணி நேரம் ஊர்கிறது. கடவுள்கள் வாழும் ஒலிம்பஸ் மலையில் லாரன்ஸ் ஒலிவியே, மேகி ஸ்மித் மாதிரி பெரிய நடிகர்கள் வெள்ளை உடையில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பெகாசஸ் என்ற இறக்கைக் குதிரை பறக்கும் காட்சிகளில் ஒட்டு வேலை பல்லிளிக்கிறது. பூபோ என்ற இயந்திர ஆந்தை குழந்தைகளுக்குப் பிடிக்கும், எனக்கு எரிச்சல்.

மூலக்கதைக்கு யார் விசுவாசம் என்று பார்த்தால் இரண்டுமே தேறாது. இரண்டிலும் வரும் கடல் அரக்கன் கிராக்கன் கிரேக்கப் பிராணியே இல்லை, நார்வே பக்கத்துக் கடல் கதைகளிலிருந்து வந்தது. புராணத்தில் பெகாசஸ் பிறப்பதே, பார்த்தவர்களைக் கல்லாக்கும் பாம்புத் தலைமுடிக்காரி மெடூசாவின் தலை வெட்டுப்பட்ட பிறகுதான். பெர்சியஸ் பறப்பது அந்தக் குதிரையில் அல்ல, இறக்கை வைத்த செருப்பால். பெர்சியஸ் காப்பாற்றும் ஆந்த்ரோமேடா எத்தியோப்பிய இளவரசி, ரோமக் கவிஞர் ஓவிட் அவளைக் கருநிறத்தவள் என்றே பாடியிருக்கிறார். இரண்டு படங்களிலும் வெள்ளைக்கார நடிகைதான். புதிய படம் போதாக்குறைக்கு அரபுக் கதைகளின் ஜின்னையும் கூட்டிக்கொண்டு வருகிறது. சரி, சினிமா என்றால் இவ்வளவு மாற்றம் இருக்கத்தான் செய்யும்.

என்னைப் பழைய படத்தின் பக்கம் தள்ளியது ஒரே விஷயம்: கடவுள்களை அது நடத்தும் விதம். கிரேக்கக் கதைகளில் தெய்வங்கள் நல்லவர்களும் இல்லை, கெட்டவர்களும் இல்லை. பொறாமை, ஓரவஞ்சனை, பிள்ளைப் பாசம் எல்லாம் உள்ள, கையில் அளவில்லாத சக்தி இருக்கிற ஒரு பெரிய குடும்பம். 1981 படம் இதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. ஒலிம்பஸில் ஒரு குட்டி அரங்கம், அதில் மனிதர்களின் களிமண் பொம்மைகள். ஜீயஸ் ஒரு பொம்மையைத் தொட்டால் கீழே ஒருவன் தலைவிதி மாறுகிறது. கடல் தேவதை தெட்டிஸின் மகன் காலிபோஸ் தப்பு செய்ததற்கு ஜீயஸ் அவனை அரக்க உருவமாக்குகிறார். 'உங்கள் மகனாக இருந்தால் இப்படிச் செய்வீர்களா' என்கிற ஆத்திரம் தெட்டிஸுக்கு. அந்த ஆத்திரத்தில் அவள் ஜீயஸின் மகனான பெர்சியஸின் பொம்மையைத் தூக்கி வேறு ஊரில் வைக்கிறாள். கதையே அங்கேதான் கிளம்புகிறது. காலிபோஸ் படத்துக்காகக் கற்பனை செய்த பாத்திரம். ஆனாலும் அந்தத் தாயின் கோபம் அசல் கிரேக்கம்.

2010 படத்தில் மனிதர்கள் கடவுள்களுக்கு எதிராகக் கலகம் செய்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வில்லன் வேண்டுமே, ஹேடீஸைப் பிடித்துப் போட்டார்கள். புராணத்தில் ஹேடீஸ் பாதாளத்தின் கண்டிப்பான அரசர், அவ்வளவுதான். படத்திலோ கிட்டத்தட்ட சாத்தான். பெர்சியஸும் ஜீயஸ் அனுப்பிய வாளைத் தொடமாட்டேன், மனிதனாகவே ஜெயிப்பேன் என்று முறுக்கிக்கொண்டு திரிகிறான். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. பெர்சியஸ் கதையின் உயிரே தெய்வங்கள் கொடுக்கும் பொருள்களில்தான் இருக்கிறது. அதீனாவின் பளபளக்கும் கேடயம், ஹெர்மிஸின் உதவி, ஆளை மறைக்கும் ஹேடீஸின் தலைக்கவசம், இவற்றை எப்போது எப்படிப் பயன்படுத்துகிறான் என்பதே சாகசம். அந்தத் தலைக்கவசத்துக்குச் சொந்தக்காரரையே வில்லனாக்கிவிட்டால் கதை எப்படி நிற்கும்? பழைய படத்தில் கொடுக்கும் தெய்வங்களின் பெயர்களை மாற்றியிருக்கிறார்கள். ஆனால் வாளும் கேடயமும் கவசமும் வருகின்றன, கவசத்தை அவன் சதுப்பு நிலத்தில் பறிகொடுக்கவும் செய்கிறான். கொடுத்ததைத் தொலைத்தால் அதற்கு விலை உண்டு என்று பையனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மெடூசா காட்சியிலும் இதே வித்தியாசம். பழைய படத்தின் தந்திரக் காட்சிகளைச் செய்த ரே ஹாரிஹாசன் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாகப் படம் பிடிப்பவர். 1981 படத்தில் தீ வெளிச்சம் அலையும் இருட்டுக் கோயில், கிலுகிலுப்பைப் பாம்பின் வால், கையில் வில். அவள் மெதுவாகத்தான் ஊர்ந்து வருகிறாள், அதனால்தான் பயமாக இருக்கிறது. பெர்சியஸ் தூணுக்குப் பின்னால் ஒளிந்து கேடயத்தில் அவள் பிம்பத்தைத் தேடும்போது நாமும் அந்தக் கேடயத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். புதிய மெடூசா தீக்குழம்புக்கு நடுவே சுழன்று சுழன்று பாய்கிறாள். அழகாக இருக்கிறாள், ஆனால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று புரிவதற்குள் தலை உருண்டுவிடுகிறது.

ஒன்றை மட்டும் புதிய படத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் பழைய படத்தின் முதல் அரைமணி நேரத்தைத் தாங்குவார்களா என்பது சந்தேகம். எங்கள் வீட்டுப் பையனுக்கு வயது பத்து, கதையும் முன்பே தெரியும். பெரிய பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதென்றால் 2010 படத்தையே போடுங்கள், சண்டைகளுக்காகவாவது உட்கார்ந்திருப்பார்கள். 2012-இல் வந்த அதன் தொடர்ச்சி தேவையில்லை.

பழைய படம் பிடித்துப்போனால் அடுத்து ஹாரிஹாசனின் கைவண்ணத்திலேயே 1963-இல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' பார்க்கலாம். அதில் ஏழு எலும்புக்கூடுகள் வாளேந்தி வரும் சண்டை ஒன்று இருக்கிறது. சில நிமிடக் காட்சி, எடுக்க நான்கு மாதங்களுக்கு மேல் ஆனது. நாயகன் ஜேசனுக்கும் அவன் காதலி மெடியாவுக்கும் இடையே புராணத்தில் பிற்காலத்தில் நடக்கும் கொடுமைக்கு முன்பே படம் முடிந்துவிடுவதால், சின்னப் பிள்ளைகளோடு தைரியமாகப் பார்க்கலாம்.