அளவுக்கு ஒரே பக்கம், நிறத்துக்குத் தனித்தனிப் பக்கம்

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் சாலையில் போனால் நாச்சியார்கோவில். மயிலாடுதுறை சாலையில் போனால் திருபுவனம். முதல் ஊரில் பித்தளைக் குத்துவிளக்கு வார்க்கிறார்கள், இரண்டாவது ஊரில் பட்டு நெய்கிறார்கள். இரண்டு ஊர்ச் சரக்கையும் விற்கும் கடைகளுக்கு நான் இணையக் கடை அமைத்துக் கொடுத்து வருகிறேன். அளவையும் நிறத்தையும் ஒரே பக்கத்தில் தெரிவுகளாக வைப்பதா, ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் போடுவதா என்ற கேள்வி எல்லாக் கடையிலும் முதல் நாளே எழுகிறது. விளக்குக்கும் புடவைக்கும் ஒரே விடையைச் சொன்னால் இரண்டில் ஒரு கடை நிச்சயம் சிக்கலில் மாட்டும்.

விளக்கிலிருந்து தொடங்குகிறேன். நாச்சியார்கோவில் விளக்கின் அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்து, கடைசல் பிடித்து, திருகி இணைக்கிறார்கள். உச்சியில் அன்னம் வைத்தது ஒரு வகை, வைக்காதது ஒரு வகை. உயரம் 12 அங்குலம் முதல் 48 அங்குலம் வரை ஆறு அளவுகள் என்று கொண்டால், உச்சியின் இரண்டு வகைகளோடு சேர்த்து மொத்தம் பன்னிரண்டு சேர்க்கைகள்தான். வடிவம் ஒன்றே, மாறுவது உயரமும் விலையும் எடையும். வாங்க வருபவரும் முதலில் விளக்கைப் பார்த்துப் பிடித்துப்போய், அதன் பிறகுதான் எத்தனை அடி என்று யோசிக்கிறார். இப்படிப்பட்ட பொருளுக்கு ஒரே பக்கமும் அதற்குள் வேரியன்ட்களும் என்ற முறையே பொருத்தம். வேரியன்ட் என்பது தனக்கென்று விலை, எடை, கையிருப்பு, எஸ்.கே.யூ. எண் (சரக்கை அடையாளம் காணக் கடை வைக்கும் குறியீடு) ஆகியவற்றைக் கொண்ட தனிச் சரக்கு, பக்கம்தான் பொது. எடையை ஒவ்வொரு வேரியன்ட்டுக்கும் தனியே பதிய முடிவது பித்தளைக்கு மிக முக்கியம், ஏனெனில் ஓரடி விளக்குக்கும் மூன்றடி விளக்குக்கும் ஒரே கூரியர் கட்டணம் வசூலித்தால் கடைக்காரர் கையிலிருந்துதான் மீதியைப் போட வேண்டியிருக்கும்.

இந்த வேலைக்கு, இணையக் கடை அமைக்கும் மென்பொருள்களான வூகாமர்ஸ், ஷாப்பிஃபை இரண்டுமே போதுமானவை என்றாலும் அவற்றின் போக்கு வேறு. ஷாப்பிஃபையில் ஒரு பொருளுக்கு அதிகபட்சம் மூன்று ஆப்ஷன்கள், அதாவது அளவு, நிறம் போன்ற தெரிவு வகைகள். அவற்றை எழுதியவுடன் எல்லாச் சேர்க்கைகளும் தாமாகவே வரிசையாக வந்து நிற்கும், இல்லாதவற்றை நாம் நீக்கிவிட வேண்டும். வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருள் மேல் இயங்கும் வூகாமர்ஸில் இதற்கு ஆட்டிரிபியூட் என்று பெயர், அதை எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அங்கே ஆட்டிரிபியூட்டைக் கடை முழுவதற்கும் பொதுவாகவும் உருவாக்கலாம், ஒரு பொருளுக்குள் மட்டும் அடங்கியதாகவும் உருவாக்கலாம். அவசரத்தில் பலரும் பொருளுக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். பிறகு ‘18 அங்குலம்’ என்று ஒரு விளக்கிலும் ‘ஒன்றரை அடி’ என்று இன்னொரு விளக்கிலும் இருப்பதால், அளவை வைத்துச் சரக்கை வடிகட்டிக் காட்டும் வசதியே பயனற்றுப் போகிறது. பொது ஆட்டிரிபியூட்டாக உருவாக்கும் பத்து நிமிடச் சிரமத்தை முதலிலேயே பட்டுவிடுவது நல்லது.

பித்தளை விலை ஏறும்போது வூகாமர்ஸுக்கு ஒரு படி கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன். அதன் வேரியேஷன் (வேரியன்ட்டுக்கு அங்கே உள்ள பெயர்) பகுதியிலேயே எல்லா விலைகளையும் இத்தனை சதவீதம் உயர்த்து என்று ஒரே கட்டளையாகச் சொல்ல முடியும். ஷாப்பிஃபை தரும் மொத்தத் திருத்தப் பக்கம் கணக்கு அட்டவணை போல இருக்கிறது. புதிய விலையை நாமே கணக்கிட்டு இட வேண்டும். இருபது விளக்கு வகைகள் உள்ள கடைக்கு இந்த வித்தியாசம் ஒரு மாலைப் பொழுது வேலை.

ஆனால் வூகாமர்ஸில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அங்கே நானே தவறியிருக்கிறேன். கையிருப்பை வேரியேஷன் அளவிலும் பதியலாம், பொருள் அளவிலும் பதியலாம். தொடக்கத்தில் ஒரு விளக்குக் கடைக்குப் பொருள் அளவில் மொத்தம் 15 என்று பதிந்துவிட்டேன். அந்தப் பதினைந்தில் 36 அங்குல விளக்கு ஒன்றே ஒன்று. தை முகூர்த்தத்துக்குச் சீர் வைக்க வேண்டும் என்று இரண்டு குடும்பங்கள் அதே அளவுக்குப் பணம் கட்டிவிட்டன. கடைக்காரர் பட்டறைக்கு ஓடினார். வார்த்து, ஆறவிட்டு, கடைசல் பிடித்து, மெருகேற்றித் தர நாள் இல்லை என்று பத்தர் சொல்லிவிட்டார். ஒரு குடும்பத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, தொலைபேசியில் மன்னிப்பும் கேட்டார். அளவு வாரியாகக் கையிருப்பைப் பதியத் திரையில் இருந்தும் நான் தொடாமல் விட்ட ஒரு சிறு சதுரத்துக்காக அவர் கேட்ட மன்னிப்பு அது. அதன் பிறகு அளவு வாரியாக எண்ணி எழுதிய தாள் கைக்கு வராமல் எந்தக் கடையையும் நான் திறந்துவிடுவதில்லை.

இதே முறையைப் பட்டுப்புடவைக்குக் கொண்டுபோகும்போதுதான் கணக்கு உடைகிறது. உடல் நிறம் 12, கரை நிறம் 8, ஜரிகை இரண்டு வகை, ஆறு கஜமா ஒன்பது கஜமா என்று நீளம் இரண்டு என வைத்துப் பெருக்கினால் 384 சேர்க்கைகள் வருகின்றன. கடைக்காரரின் அலமாரியைத் திறந்தால் நாற்பது புடவைகள் இருக்கும். மீதி 344 திரையில் மட்டுமே உள்ள புடவைகள். ஷாப்பிஃபையில் நெடுங்காலம் ஒரு பொருளுக்கு 100 வேரியன்ட் என்ற வரம்பு இருந்தது. 2025-இல் அது 2,048 ஆக உயர்ந்தது. வரம்பு உயர்ந்ததால் இந்த 384-ஐயும் ஏற்றிவிடலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நான்கு தெரிவுகள் இருப்பதால் மூன்று ஆப்ஷன் என்ற எல்லை அப்போதும் குறுக்கே நிற்கும். வூகாமர்ஸில் ஆட்டிரிபியூட் எல்லை இல்லை, ஆனால் சேர்க்கைகள் 30-ஐத் தாண்டினால் பக்கம் எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்றி வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு தெரிவுக்கும் சர்வரைக் கேட்கத் தொடங்குகிறது. அப்போது இல்லாத சேர்க்கைகள் பட்டியலிலிருந்து மறைவதில்லை. அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை என்று ஆசையாகத் தேர்ந்தெடுத்தவருக்குக் கடைசியில்தான் அது இல்லை என்று தெரியவரும். அந்த 30 என்ற எண்ணை ஒரு வரி நிரலால் மாற்றலாம். பக்கம் கனமாகும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

படங்களின் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. வேரியன்ட் ஒன்றுக்கு ஒரு படம் என்பதே வூகாமர்ஸின் அடிப்படை ஏற்பாடு. பட்டு வாங்குபவர் முந்தானையை விரித்துப் பார்க்க வேண்டும், கரையை அருகில் பார்க்க வேண்டும், ரவிக்கைத் துணி எந்த நிறம் என்று அறிய வேண்டும், வெயிலில் எடுத்த படம் ஒன்றையும் கேட்பார். தனிப் பக்கத்தில் இவை எல்லாம் இயல்பாக அடங்கும். அதோடு, ‘மயில்கழுத்து நிறப் பட்டு’ என்று தேடுபவருக்கு அந்தப் பெயரையே தலைப்பாகக் கொண்ட பக்கம் கிடைக்கும். ஆகவே கைத்தறிப் பட்டுக்கு ஒரு புடவைக்கு ஒரு பக்கம், கையிருப்பு 1 என்பதே என் முடிவு. விற்றதும் அந்தப் புடவை கையிருப்பில் இல்லை என்று தானாக மாறிவிடும், பெருக்கல் கணக்குக்கு வேலையே இல்லை. பக்கங்கள் கூடுவதால் பதிவு வேலை அதிகம்தான். பழைய பக்கத்தை நகலெடுத்துத் தலைப்பையும் படங்களையும் மாற்றும் பழக்கம் வந்துவிட்டால் ஒரு புடவைக்கு ஆறேழு நிமிடம் போதும்.

நிறம் என்றாலே தனிப் பக்கம் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆயத்த ரவிக்கை, உள்பாவாடை போன்றவற்றில் ஒவ்வொரு நிறத்திலும் ஒவ்வொரு அளவிலும் டஜன் கணக்கில் சரக்கு இருக்கும். அவற்றுக்கு விளக்கின் முறையே சரி.

மூன்றாவதாக, கையிருப்பைத் தொடாத தெரிவுகள் உண்டு: புடவைக்கு ஃபால்ஸ் அடித்துத் தருவது, முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது, விளக்கின் அடியில் மணமக்கள் பெயர் வெட்டுவது. இவற்றை வேரியன்ட்டாக வைத்தால் ஒரே புடவை ‘ஃபால்ஸுடன் 1, ஃபால்ஸ் இல்லாமல் 1’ என்று இரண்டாகக் கணக்கில் ஏறி, இருமுறை விற்றுப்போகும். இதற்கென்று உள்ள ஆட்-ஆன் ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) அல்லது செயலி வழியாக, கூடுதல் கட்டணத்துடன் ஒரு கேள்வியாக வைப்பதே முறை. பெயர் வெட்டும் கட்டத்தில் எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பும் வைக்க வேண்டும். 12 அங்குல விளக்கின் அடி வளையத்தில் இரண்டு நீளமான பெயர்கள் இடம் கொள்ளாது.