பேனாக்கத்திக்குச் சாணை: கிளாம்ப்பா, வெறுங்கையா?

ஒரு விக்டோரினாக்ஸ், ஒரு ஒபினெல் 8. இந்த இரண்டு பேனாக்கத்திகளையும் பல வருடங்களாக நானே தீட்டி வருகிறேன். முதலில் லான்ஸ்கி கிளாம்ப் செட், அப்புறம் ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர், இப்போது பெரும்பாலும் வெறும் கல். எதை வாங்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

லான்ஸ்கியில் கத்தியின் முதுகைக் கிளாம்ப் கவ்விக்கொள்ளும். கல்லோடு சேர்ந்த கம்பியை அதிலுள்ள துளைக்குள் விட்டுத் தள்ள வேண்டும். கல் கத்தியில் எந்தச் சாய்வில் படுகிறது என்பதைத் துளைதான் தீர்மானிக்கும்: 17, 20, 25, 30 டிகிரி என்று நாலு துளைகள். மழுங்கி, விளிம்பெல்லாம் கோணல்மாணலாகிப் போன கத்தியைச் சீராக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. பழைய விளிம்பை அழித்துப் புதுக் கோணம் போட நிறைய நேரம் தேய்க்க வேண்டும். கை தளர்ந்தாலும் கோணம் தளராது.

ஆனால் துளைக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். விளிம்பு கிளாம்ப்பை விட்டு எவ்வளவு தள்ளி நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவுக்கு உண்மைக் கோணம் குறையும். விளிம்பு நேராக ஓடுகிற வரை கோணம் ஒன்றுதான். நுனிப்பக்கம் வளைகிற இடத்தில் மாறும். அதனால் கிளாம்ப் கவ்வும் இடத்தை மார்க்கரால் குறித்து வைப்பேன். அடுத்த முறை அதே இடத்தில் பிடித்தால் வேலை சீக்கிரம் முடிகிறது. இடம் தப்பினால் புதுக் கோணம் போடுகிற வேலையாகிவிடும். விக்டோரினாக்ஸின் சின்ன பிளேடுக்கு இந்த முறையே சரிப்படவில்லை. பிளேடு ரொம்பக் குறுகல். 17-இல் வைத்தால் கல் போய்க் கிளாம்ப்பில் இடிக்கிறது.

ஷார்ப்மேக்கரில் கத்தி நிமிர்ந்து நிற்க, செராமிக் கம்பிகள் சாய்ந்திருக்கும். ஒரு பக்கத்துக்கு 15 அல்லது 20 டிகிரி. லேசாக மழுங்கிய கத்திக்கு அருமை. முழுக்க மழுங்கியதற்கு, கூடவே வரும் பழுப்பு, வெள்ளைக் கம்பிகள் போதாது. தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போகும். கம்பியில் கறுப்பு படிந்தால் பாத்திரம் துலக்கும் பொடி போட்டுத் தேய்த்துக் கழுவினால் போய்விடும்.

கல்லில் கையால் தீட்டுவதற்குப் பயப்படவே வேண்டாம். 2 செ.மீ. அகலமுள்ள பிளேடு என்றால், முதுகு கல்லிலிருந்து 5 மி.மீ. உயர்ந்தால் கிட்டத்தட்ட 15 டிகிரி, 7 மி.மீ. என்றால் 20. விளிம்போரத்தில் மார்க்கர் பூசி நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்பிலேயே அழிந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்தால் முதுகை இன்னும் தூக்க வேண்டும். நுனி வரும்போது கைப்பிடியைச் சற்று உயர்த்தினால் போதும்.

எந்த முறையானாலும் கூர்மையைத் தீர்மானிப்பது பிசிறுதான். ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் மெல்லிய உலோக மடிப்பு எழும். அது விளிம்பு முழுக்க எழுந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே போகிற மாதிரி மெதுவாகத் தடவினால் நகத்தோரத்தில் சிக்குவது போல் தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டக் கூடாது. விக்டோரினாக்ஸ் எஃகு கொஞ்சம் மென்மையானது, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 56 அளவில்தான் இருக்கும். அதில் பிசிறு உடையாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கும். அழுத்திக்கொண்டே போனால் புதுப் பிசிறு முளைக்கும். கடைசியில் பக்கத்துக்கு ஒரு இழுப்பாக மாற்றி மாற்றி, கத்தியின் கனம் மட்டும் கல்லில் படும்படி இழுக்க வேண்டும். அப்புறம் தோல் பட்டையில், விளிம்பு பின்னால் வரும்படி சில இழுப்புகள். விளக்கடியில் விளிம்பை நிமிர்த்திப் பார்த்தால் எங்கும் வெள்ளைக் கோடு மின்னக் கூடாது.

பிசிறு மிச்சமிருக்கும் கத்தியும் செய்தித்தாளை அழகாக வெட்டும். ஒரே ஒரு அட்டைப்பெட்டியை வெட்டியதும் மழுங்கிவிடும். “நேற்றுத் தீட்டினேன், இன்றைக்கே போச்சு” என்று கிளாம்ப் வைத்திருப்பவர்களும் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கிளாம்ப் கோணத்தைப் பார்த்துக்கொள்ளும், பிசிறை நாம்தான் பார்க்க வேண்டும்.

எஸ்30வி மாதிரி வனேடியம் அதிகமுள்ள எஃகு வைத்திருந்தால் என் சிபாரிசு வேறு. அதிலுள்ள வனேடியம் கார்பைடு துகள்கள் சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லைவிடக் கடினம். டைமண்ட் தகடுள்ள கிளாம்ப் செட்டுக்குப் பணம் போடுவது அங்கே நியாயம். வொர்க் ஷார்ப்பின் ப்ரிசிஷன் அட்ஜஸ்ட் அந்த ரகம். 15 முதல் 30 டிகிரி வரை திருகி வைக்கலாம். விக்டோரினாக்ஸ், ஒபினெல் மட்டும் என்றால் ஒரு 1000 கிரிட் (நடுத்தர நயம்) கல்லும் தோல் பட்டையும் போதும்.

ஒபினெல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். தண்ணீர்க் கல்லில் தீட்டும்போது மரக் கைப்பிடியின் பிளவுக்குள் நீர் இறங்கினால் மரம் ஊதி, பிளேடு திறக்கவே வராது. கைப்பிடி கல்லின் ஓரத்துக்கு வெளியே இருக்கும்படி பிடித்துத் தீட்டுங்கள். கார்பன் எஃகு பிளேடு என்றால் முடித்தவுடன் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவிவிட வேண்டும்.