ஆங்கிலம், தமிழ், மலையாளம்: ஒரே கீபோர்டில் பல வருஷம்

மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும் மெய்ப்புப் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அச்சகத்தில் விண்டோஸ், வீட்டில் லினக்ஸ் வகையான உபுண்டு. நாள் முழுக்கத் தமிழில் தட்டுகிறேன், நடுநடுவே ஆங்கிலம், மூலத்தைத் தேடும்போது மலையாளம். புதிதாகக் கணினி வாங்குகிறவர்கள் "தமிழுக்கு எந்த சாஃப்ட்வேர் போடலாம்?" என்றுதான் என்னிடம் ஆரம்பிக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது, எந்த விசைப்பலகை முறை என்று. சாஃப்ட்வேர் வரும், போகும். விண்டோஸுக்கான கூகுள் உள்ளீட்டுக் கருவியை 2018இல் நிறுத்தியபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் திண்டாடினார்கள். விரலில் ஏறிய முறை எந்தக் கணினிக்குப் போனாலும் கூடவே வரும்.

நான் பயன்படுத்துவது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். வேகத்துக்குக் காரணம் அதன் தானியங்கிப் புள்ளி. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். அம்மா என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஜோடிகளுக்கும் அப்படியே. வந்தான் என்பதை ஆறு தட்டில் முடிக்கலாம். ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டும் ஒலிப்பு முறையில் எட்டு ஆகும். இரண்டு தட்டு பெரிதா என்று கேட்கலாம். ஒரு நாவலின் நீளத்துக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள்.

இதே புள்ளிதான் முதல் வாரத்தில் ஆளைப் படுத்தும். நதி என்று தட்டினால் ந்தி என்று வரும். பப்பாளி என்று தட்டப்போனால் ஆரம்பத்திலேயே புள்ளி வைத்துக்கொள்ளும். இரண்டு மெய்க்கும் நடுவில் அ-வை ஒருமுறை தட்டினால் சரியாகிவிடும்: ந, அ, த, இ. நம்மில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் "இது சரிப்படாது" என்று மூடி வைத்துவிட்டு 'அம்மா'வை ஆங்கில எழுத்தில் தட்டப் போய்விடுகிறார்கள். இரண்டு வாரம் பொறுத்தால் அந்த அ தானாக வந்து விழும்.

இன்ஸ்கிரிப்டையும் கொஞ்ச காலம் ஓட்டினேன். இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக எண்பதுகளில் வகுத்த முறை அது. க எங்கே இருக்கிறது என்று மலையாளத்தில் கற்றால் தமிழிலும் இந்தியிலும் அதே விசைதான். மூன்று மொழிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று ஆசையாகத்தான் தொடங்கினேன். ஆனால் அதில் ண, ன, ற, ள, ழ ஐந்துக்கும் ஷிஃப்ட் அழுத்த வேண்டும். தமிழில் ன் வராத வரி உண்டா? அவன் வந்தான், நான் சொன்னேன் என்று கதை போகும்போது சுண்டுவிரல் ஷிஃப்டிலேயே குடியிருக்கும். ஒரே க-வுக்கு நாலு ஒலி என்பதுபோல வர்க்க எழுத்துகள் நிறைந்த மொழிகளை மனதில் வைத்து அடுக்கியதால் நமக்கு வேண்டிய எழுத்துகள் ஷிஃப்ட் என்ற மாடிக்குப் போய்விட்டன. மலையாளத்துக்கு மட்டும் இன்றும் இன்ஸ்கிரிப்ட்தான் வைத்திருக்கிறேன். நான் அதில் தட்டுவது தேடல் சொற்களும் மேற்கோள்களும்தான், வேகம் தேவைப்படாது.

விண்டோஸில் இப்போது தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. அமைப்புகளில் நேரமும் மொழியும் என்ற பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் மொழி விருப்பங்களில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கலாம். பட்டியலில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாலு தமிழ் இருக்கும். உங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். மொழியோடு கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் வேறு தமிழ் விசைப்பலகையை மறக்காமல் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மொழி மாற்ற விண்டோஸ் விசையையும் ஸ்பேஸையும் அழுத்தும்போதெல்லாம் தேவையில்லாத ஒரு நிறுத்தத்தில் வண்டி நின்று போகும்.

மூன்று மொழி வைத்திருப்பவருக்கு அந்தச் சுற்று மாற்றமே எரிச்சல். தமிழிலிருந்து ஆங்கிலம் போக மலையாளத்தைத் தாண்ட வேண்டும். எதில் இருக்கிறோம் என்று மூலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மேம்பட்ட விசைப்பலகை அமைப்புகளுக்குள் உள்ளீட்டு மொழிக் குறுக்குவிசைகள் என்று ஒரு பழைய பாணிச் சாளரம் ஒளிந்திருக்கிறது. அங்கே ஒவ்வொரு மொழிக்கும் ஒரு எண்ணைக் கட்டிவிடலாம். எனக்கு இடது ஆல்ட், ஷிஃப்ட், 1 ஆங்கிலம், 2 தமிழ், 3 மலையாளம். கண்ணை மூடிக்கொண்டு தட்டலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட் சேர்க்கையையும் அதே சாளரம் தரும். வேண்டாம், எக்செலில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-1 எண் வடிவத்தை மாற்றும் குறுக்குவிசை. வெறும் ஆல்ட்-ஷிஃப்டுக்கு மொழி மாறும் பழைய ஏற்பாட்டையும் அங்கேயே அணைத்துவிடுங்கள், கை தவறிப் பட்டு மாறுவது நிற்கும். அதே பக்கத்தில், ஒவ்வொரு செயலிச் சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு முறை வைக்க ஒரு தேர்வுப்பெட்டி உண்டு. வேர்டு தமிழிலும் பிரவுசர் ஆங்கிலத்திலும் நிற்க, நான் பாட்டுக்கு மாறி மாறிப் போய்வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான்.

எ-கலப்பை, அழகி, என்எச்எம் ரைட்டர் ஆகிய தமிழ்த் தட்டச்சுக் கருவிகளுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். விண்டோஸ் நம்மைக் கண்டுகொள்ளாத காலத்தில் இணையத்தில் தமிழ் எழுத வைத்தவை அவை. ஆனால் விசைப்பலகை ஆங்கிலத்தில் நிற்க, மேலிருந்து எழுத்தை மாற்றித் தரும் வகைக் கருவிகளில் ஒரு சிக்கல்: நீங்கள் ஆங்கிலம் தட்டுவதாகவே வேர்டு நினைத்துக்கொள்ளும். அதற்கேற்ப மொழிக் குறியீட்டைப் போட்டுப் பிழைதிருத்தியை ஓட்டும். விண்டோஸின் சொந்தத் தமிழ் விசைப்பலகையில் தட்டினால் உரை தமிழ் என்றே பதிவாகும். மெய்ப்புக்காரனுக்கு இது சின்ன விஷயமில்லை.

எங்கள் அச்சகத்து அக்கா ஒருவர் தட்டச்சுப் பள்ளியில் சீனியர் வரை தேறியவர். அவரிடம் தமிழ்99 புராணம் பாடிப் பார்த்தேன். "தம்பி, நீங்க எதை வேணும்னாலும் மாத்துங்க, கொம்பு மட்டும் எழுத்துக்கு முன்னாடி வரணும்" என்று சொல்லிவிட்டார். டைப்ரைட்டரில் கெ என்பதற்கு முதலில் கொம்பு, பிறகு க; கணினிகளின் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடு சேமிப்பதோ க, பிறகு கொம்பு. பழைய டைப்ரைட்டர் முறை என்எச்எம் ரைட்டரில் இருக்கிறது, வரிசையை அதுவே திருப்பிப் போட்டுக்கொள்ளும். அவர் வேகத்தைப் பார்த்த பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே ஒரு முறை கைவசம் இருப்பவர்கள் மாற வேண்டிய அவசியமே இல்லை.

மேக்கில் அஞ்சல் என்ற ஒலிப்பு முறை விசைப்பலகையும் தமிழ்99உம் உள்ளேயே இருக்கின்றன. நண்பரின் கணினியில் தட்டிப் பார்த்ததோடு சரி, குறை தெரியவில்லை.

உபுண்டுவில்தான் ஒரு பொறி இருக்கிறது. உள்ளீட்டு மூலங்களில் தமிழைத் திறந்தால் தமிழ்நெட்99 என்ற பெயர் தென்படும். ஆவலாகச் சேர்ப்பீர்கள், புள்ளி தானாக விழாது. அது எக்ஸ்கேபி என்ற அடிப்படை விசை வரைபடம். ஒரு விசைக்கு ஒரு குறி என்பதோடு அதன் அறிவு முடிந்தது, முன்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால் அதே பட்டியலில் எம்17என் என்ற அடைமொழியோடு இன்னொரு தமிழ்99 வரும். அதுதான் அசல். லினக்ஸில் தமிழ்99 வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேராவது முதலாவதைத் தேர்ந்தவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம். தட்டும்போது கடைசி எழுத்தின் கீழே கோடு தெரிந்தால் அது இன்னும் முடிவாகவில்லை என்று அர்த்தம். அந்த நிலையில் மவுஸால் வேறிடத்தைச் சொடுக்கினால் சில செயலிகள் அந்த எழுத்தை விழுங்கிவிடும். ஸ்பேஸ் தட்டிவிட்டு நகர்வது நல்லது.

உள்ளீடு சரியாக இருந்தும் தேடல் கைவிடும் இடங்கள் உண்டு. கொ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடலுக்குச் சில செயலிகளில் தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மலையாளத்தில் சில்லெழுத்துகளுக்கும், அதாவது உயிர் சேராமல் தனியே நிற்கும் மெய் வடிவங்களுக்கும், இதே கதை. 2008இல் யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனிக் குறியீடு தந்தது. அதற்கு முந்தைய கோப்புகளில் கூட்டுக் குறியாக இருக்கும். மூலத்தில் ஒரு சொல் இல்லவே இல்லை என்று கணினி அடித்துச் சொன்னால், நான் சில்லு இல்லாத பகுதியை மட்டும் தட்டி மறுபடி தேடுகிறேன். பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.